காவல் துறைப் பக்கத்துக்கு லைக் போடுகிறோம், ஸ்டேஷனுக்குள் போகத் தயங்குகிறோம். ஏன்?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இது: காவல் துறைகள் இப்போதெல்லாம் மீம் போடுகின்றன, ரீல்ஸ் எடுக்கின்றன, மோப்ப நாய்க்குப் பிறந்தநாள் கொண்டாடிப் படம் போடுகின்றன, இதனால் மக்களுக்கு உண்மையிலேயே நம்பிக்கை வருகிறதா, இல்லை எல்லாம் விளம்பரம்தானா? கேள்வியின் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள், "அந்தப் பக்கத்தை ரசித்துப் பார்ப்பேன், ஆனால் பைக் காணாமல் போனபோது ஸ்டேஷனுக்குப் போக மூன்று நாள் யோசித்தேன்" என்று. எனக்கு அந்த வரிதான் உண்மையான கேள்வியாகத் தெரிகிறது. ரசிப்பு வந்த இடத்தில் நம்பிக்கை ஏன் கூடவே வரவில்லை என்றுதான் கேட்கிறீர்கள்.

ஒரு பெருநகரக் காவல் துறையின் தகவல் பிரிவில், சீருடை இல்லாத ஊழியனாக, பதினொரு ஆண்டுகள் அதன் சமூக ஊடகப் பக்கங்களைக் கவனித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அந்த வேலைக்கு வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறேன். ஆகவே நான் சொல்வது உள்ளே உட்கார்ந்து பார்த்தவனின் பதில். புகார் கொடுக்க வரிசையில் நின்ற அனுபவம் எனக்குக் குறைவு, அந்தச் சாய்வு என் எழுத்தில் இருக்கும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் நம்பிக்கை என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். கூப்பிட்டால் வருவார்களா, வந்தால் நான் சொல்வதை முழுசாகக் கேட்பார்களா, எதிராளி செல்வாக்கு உள்ளவனாக இருந்தாலும் எங்கள் இருவரையும் ஒரே மாதிரி நடத்துவார்களா, தப்பு அவர்கள் பக்கம் இருந்தால் ஒத்துக்கொள்வார்களா? இந்தக் கேள்விகளுக்கு மனது ஆமாம் என்று சொன்னால் அது நம்பிக்கை. டாம் டைலர் என்ற அமெரிக்க உளவியலாளர் பல ஆண்டுகளாக இதைத்தான் ஆராய்ந்து வருகிறார். காவல் துறையையும் நீதிமன்றத்தையும் எடைபோடும்போது, முடிவு தங்களுக்குச் சாதகமா என்பதைவிடத் தங்களை நடத்திய விதம் நியாயமாக இருந்ததா என்பதையே மக்கள் அதிகம் பார்க்கிறார்கள் என்பது அவர் கண்டது. அபராதம் கட்டிவிட்டு வருகிறவர்கூட, மரியாதையாகப் பேசினார்கள், காரணம் சொன்னார்கள், நான் பேசவும் விட்டார்கள் என்றால் அந்த அதிகாரியைக் குறை சொல்லாமல் போகிறார். இது பல நாடுகளில் திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்க்கப்பட்ட விஷயம், நான் தைரியமாகச் சொல்லக்கூடியவற்றில் ஒன்று. இப்போது யோசித்துப் பாருங்கள், ஒரு மீம் மேலே சொன்ன எந்தக் கேள்விக்கும் பதில் சொல்வதில்லை. பக்கத்தை நடத்துகிற ஒருவருக்கு நகைச்சுவை வரும் என்று அது காட்டுகிறது. ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருப்பவர் உங்களிடம் எப்படிப் பேசுவார் என்பது அதில் தெரியாது, நீங்கள் மூன்று நாள் யோசித்ததில் ஆச்சரியம் இல்லை.

அப்படியானால் இந்தப் பக்கங்களால் பயனே இல்லையா என்றால், இருக்கிறது. எனக்குச் சந்தேகமே இல்லாத ஒரு இடத்திலிருந்து தொடங்குகிறேன்: ஆபத்து நேரங்கள். 2011 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் பெருவெள்ளம் வந்தபோது, அந்த மாநிலக் காவல் துறையின் ஃபேஸ்புக் பக்கத்தைச் சுமார் 17,000 பேர்தான் பின்தொடர்ந்துகொண்டிருந்தார்கள். இரண்டே வாரத்தில் அது ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. எந்தச் சாலை மூடியிருக்கிறது, எந்தப் பகுதியைக் காலி செய்யச் சொல்கிறார்கள் என்று நேரத்துக்கு நேரம் அதில் வந்துகொண்டே இருந்தது. இன்னொரு வேலையும் செய்தார்கள், பரவுகிற ஒவ்வொரு வதந்தியையும் எடுத்து, 'மித்பஸ்டர்' என்று ஒரு ஹேஷ்டேக் போட்டு, இது பொய், உண்மை இதுதான் என்று உடனுக்குடன் மறுத்தார்கள். வெள்ளத்துக்கு நடுவில் கையில் ஃபோனோடு நிற்கிறவருக்கு இதைவிடப் பெரிய உதவி என்ன இருக்க முடியும்?

ஜெர்மனியின் மியூனிக் நகரில் 2016 ஜூலை 22 அன்று நடந்ததை என் எல்லா வகுப்புகளிலும் சொல்வேன். 18 வயது இளைஞன் ஒருவன் ஒரு வணிக வளாகத்தின் அருகே ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றான். சில மணி நேரத்தில் ஊரில் பல இடங்களில் துப்பாக்கிச் சூடு என்று வதந்தி கிளம்பி, சம்பந்தமே இல்லாத இடங்களில் ஜனங்கள் சிதறி ஓடினார்கள், ஓடியதில் அடிபட்டவர்களும் உண்டு. அந்த இரவு முழுக்க மியூனிக் காவல் துறை ஜெர்மன், ஆங்கிலம், பிரெஞ்சு, துருக்கி என்று நான்கு மொழிகளில் ட்வீட் செய்தது. வெளியே வராதீர்கள், போலீஸ் நிற்கும் இடங்களைப் படம்பிடித்துப் போடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மூன்று பேர் வரை சுட்டிருக்கலாம் என்று முதலில் காவல் துறையே சொன்னது. தகவல் உறுதியானதும் ஒரே ஆள்தான் என்று சொன்னது. செய்தித் தொடர்பாளர் மார்கஸ் டா குளோரியா மார்ட்டின்ஸ் யூகக் கேள்வி எதற்கும் இடம் கொடுக்காமல், தெரிந்ததைத் தெரிந்தது என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் நிதானமாகச் சொன்னதுதான் நாடு முழுக்கப் பாராட்டப்பட்டது. அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்பின்போதும் இதே கதைதான்: 2013 ஏப்ரல் 17 அன்று பெரிய செய்தி நிறுவனங்கள் சந்தேக நபரைக் கைது செய்துவிட்டார்கள் என்று அறிவிக்க, யாரையும் கைது செய்யவில்லை என்று பாஸ்டன் காவல் துறையின் ட்விட்டர் கணக்கு மறுத்தது. செய்திச் சேனலைப் போலீஸ் திருத்துகிற நிலை அன்று வந்தது. ஒரு கணக்கு சொல்வது சரியாக இருக்கும் என்று அந்த ஒரு வாரத்தில் மக்கள் கண்ணால் பார்த்துப் பழகினார்கள், நம்பிக்கை அப்படித்தான் வளர்கிறது.

வெளியே தெரியாத ஒரு விஷயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். இந்த வேகம் எழுதத் தெரிந்தவரால் வருவதில்லை, அனுமதி கொடுக்கிற முறையால் வருகிறது. நான் சேர்ந்த புதிதில் ஒரு சாதாரணப் பதிவு வெளியே போவதற்கு மூன்று அதிகாரிகள் சரி சொல்ல வேண்டும். ஒரு முறை கெமிக்கல் லாரி கவிழ்ந்து ஒரு பகுதி முழுக்கப் புகை. ஜன்னல்களை மூடிக்கொண்டு உள்ளேயே இருங்கள் என்ற ஒரே ஒரு வரிக்கு ஒப்புதல் வாங்க ஐம்பது நிமிடம் ஆனது. அதற்குள் ஊரே வாட்ஸ்அப்பில் வந்த ஒரு பொய்த் தகவலை நம்பி எதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்தது. அன்று இரவு நான் தூங்கவில்லை. உயிர் சம்பந்தப்பட்ட தகவலுக்கு டியூட்டியில் இருப்பவரே முடிவெடுக்கலாம் என்று விதி மாறியது அதன் பிறகுதான். உங்கள் ஊர்ப் பக்கம் அவசர நேரத்தில் தாமதமாகவும் மழுப்பலாகவும் பேசினால், பெரும்பாலும் காரணம் அங்கே உட்கார்ந்திருக்கும் ஆளின் சோம்பல் கிடையாது, அவருக்கு மேலே இருக்கும் ஏணி.

இனி நகைச்சுவைக்கு வருகிறேன், நீங்கள் குறிப்பாகக் கேட்டது அதைத்தானே. நான் அதற்கு எதிரி இல்லை. 2015 நவம்பரில் பிரஸ்ஸல்ஸ் நகரம் பயங்கரவாத அச்சத்தில் முடங்கிக் கிடந்தபோது, தேடுதல் வேட்டை பற்றி எதையும் பதிவிடாதீர்கள் என்று காவல் துறை கேட்டது. மக்கள் அதற்குப் பதிலாகத் தங்கள் வீட்டுப் பூனைப் படங்களாகப் போட்டு ட்விட்டரை நிரப்பினார்கள். மறுநாள் பெல்ஜியக் காவல் துறை ஒரு கிண்ணம் நிறையப் பூனைத் தீனிப் படத்தைப் போட்டு, நேற்று உதவிய பூனைகளுக்கு, எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியது. எனக்கு இன்றைக்கும் பிடித்த பதிவு அது. ஒரு உதவியைக் கேட்டார்கள், மக்கள் செய்தார்கள், நன்றி சொன்னார்கள். சிரிப்பு அந்த நன்றியோடு சேர்ந்து வந்தது. ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் காவல் துறையின் இன்ஸ்டாகிராம் பக்கமும் உலகம் முழுக்கப் பிரபலம், பூனைக்குட்டியோடும் ஐஸ்கிரீமோடும் போலீஸ்காரர்கள் நிற்பார்கள். அந்தப் படங்கள் எடுபடுவதற்குக் காரணம் அங்கே ரோந்துப் போலீஸார் வழக்கமாகத் துப்பாக்கி வைத்துக்கொள்வதில்லை. 2013 டிசம்பரில் முதல் முறையாகக் காவல் துறையின் துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் இறந்தபோது, துறையே வெளிப்படையாக வருத்தம் தெரிவித்து, இறந்தவரின் குடும்பத்துக்கு அனுதாபம் சொன்னது. படத்தில் தெரியும் குணம் தெருவிலும் இருந்தது.

எதிர்ப்பக்கம் அமெரிக்காவின் சியாட்டில் நகரம். 2012இல் வாஷிங்டன் மாநிலத்தில் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கியபோது, எது செய்யலாம் எது கூடாது என்று சியாட்டில் காவல் துறை வெளியிட்ட கேள்வி-பதில் அவ்வளவு இயல்பாக, சிரிப்பாக இருந்தது, முன்னாள் பத்திரிகையாளர் ஒருவரை வைத்து எழுதியிருந்தார்கள். அதே ஆண்டு ஊரை 51 ரோந்துப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வரும் அழைப்புகளைத் தனித்தனி ட்விட்டர் கணக்கில் வெளியிட்டார்கள், நல்ல முயற்சி. ஆனால் அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2011 டிசம்பரில், இதே துறை அளவுக்கு மீறிப் பலத்தைப் பயன்படுத்துவதை வழக்கமாக்கிக்கொண்டிருக்கிறது என்று அமெரிக்க நீதித் துறை விசாரித்து அறிவித்திருந்தது, 2012இல் நீதிமன்ற மேற்பார்வையில் சீர்திருத்தம் தொடங்கியது. ஒரே துறை, ஒரே காலம். இணையத்தில் பார்க்கிறவருக்கு ஒரு முகம், தடியடி வாங்கினவருக்கு இன்னொரு முகம். அந்த நல்ல எழுத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை, அது தெரு வேலைக்கு மாற்றாகாது என்றுதான் சொல்கிறேன். இரண்டுக்கும் இடையில் இருக்கும் தூரத்தை மக்களிடமே காட்டச் சொன்னால் என்ன ஆகும் என்பதை 2014 ஏப்ரலில் நியூயார்க் காவல் துறை கண்டது. எங்கள் காவலர்களோடு எடுத்த படத்தை ஹேஷ்டேக்கோடு போடுங்கள் என்று கேட்டார்கள். வந்து குவிந்தவை காவலர்கள் மக்களை அடிக்கிற, இழுக்கிற, தரையில் அழுத்துகிற படங்கள்.

நம்பிக்கை விஷயத்தில் ஒரு துறையை நான் எடைபோடுவது அதன் மோசமான நாளில் அது என்ன எழுதியது என்பதை வைத்துத்தான். 2020 மே 25 அன்று அமெரிக்காவின் மினியாபோலிஸில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்பவர் போலீஸ் பிடியில் இறந்தார். காவல் துறை வெளியிட்ட முதல் அறிக்கையின் தலைப்பு, போலீஸ் நடவடிக்கையின்போது மருத்துவப் பிரச்சினையால் ஒருவர் மரணம் என்ற பொருளில் இருந்தது. அவர் எதிர்த்தார், விலங்கு மாட்டினார்கள், உடல்நலம் சரியில்லாதது போலத் தெரிந்தது, ஆம்புலன்ஸ் அழைத்தார்கள் என்று இருந்தது. ஒரு அதிகாரி ஒன்பது நிமிடங்களுக்கு மேல் அவர் கழுத்தில் முழங்காலை வைத்து அழுத்தியது அதில் இல்லவே இல்லை. அங்கே நின்றிருந்த 17 வயதுப் பெண் எடுத்த வீடியோ ஃபேஸ்புக்கில் வந்திருக்காவிட்டால், அந்த அறிக்கைதான் அந்த மரணத்தின் அரசாங்கப் பதிவாக இருந்திருக்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதுதான் நடந்தது. உலகம் முழுக்கத் தகவல் பிரிவில் இருந்த எங்களைப் போன்றவர்களை அந்த அறிக்கை உலுக்கியது, ஏனென்றால் அதன் நடை எங்களுக்கு நன்றாகத் தெரிந்த நடை. 'துப்பாக்கி வெடித்தது', 'காயம் ஏற்பட்டது', 'உயிர் பிரிந்தது' என்று யார் செய்தார் என்பதே இல்லாமல் எழுதுகிற நடை. நானும் அப்படி எழுதியிருக்கிறேன். காவலில் இருந்த ஒருவருக்குக் கை முறிந்ததைத் தவறி விழுந்ததில் காயம் என்று நிலையத்திலிருந்து வந்தபடியே போட்டேன். இரண்டு நாளில் அது பொய் என்று தெரிந்தது, பதிவைச் சத்தமில்லாமல் நீக்கச் சொன்னார்கள், நீக்கினேன். திருத்தம் போட்டிருக்க வேண்டும். அந்தக் குடும்பத்துக்குச் செய்த தப்பை நினைத்தால் இன்றும் மனது கனக்கிறது. இப்போது பயிற்சியில் நான் வலியுறுத்துவது ஒன்றுதான்: முதல் அறிக்கையில் நிலையம் சொல்வதை உறுதியான உண்மை என்று எழுதாதீர்கள், நிலையம் இப்படிச் சொல்கிறது, விசாரணை நடக்கிறது, இன்ன நேரத்துக்குள் மீண்டும் சொல்கிறோம் என்று எழுதுங்கள், சொன்ன நேரத்தில் வாருங்கள், தப்பாகிவிட்டால் பழைய பதிவை அப்படியே வைத்து அதன் மேலேயே திருத்துங்கள்.

கைதானவர்களின் படங்களைப் போடும் பழக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் லைக் கொட்டுவது இதில்தான். வரிசையாக நிற்க வைத்து, முன்னால் மேசையில் பிடிபட்ட பொருளைப் பரப்பி எடுத்த படம். போலீஸ் வேலை செய்கிறது என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். ஆனால் அவர்கள் மேல் அப்போது இருப்பது குற்றச்சாட்டு மட்டும்தான். மூன்று ஆண்டுகள் கழித்து விடுதலையானால் அதை யாரும் பதிவிடுவதில்லை, பழைய படம் மட்டும் தேடலில் வந்துகொண்டே இருக்கும். அமெரிக்கக் காவல் துறைகளின் ஏறத்தாழ 14,000 ஃபேஸ்புக் பக்கங்களை ஆராய்ந்து 2022இல் வெளியான ஓர் ஆய்வு, உள்ளூர்க் கைது விகிதத்தோடு ஒப்பிட்டால் கறுப்பினச் சந்தேக நபர்களைப் பற்றிய பதிவுகளே 25 சதவீதப் புள்ளிகள் அதிகமாக மக்கள் கண்ணில் படுகின்றன என்று காட்டியது. ஒவ்வொரு பதிவும் தனியாகப் பார்த்தால் உண்மைதான், எதைப் போடுவது என்ற தேர்வில் சாய்வு நுழைந்துவிடுகிறது. சான்ஃபிரான்சிஸ்கோ காவல் துறை 2020இல் பெரும்பாலும் இந்தப் படங்களை வெளியிடுவதை நிறுத்தியது, 2022 முதல் கலிஃபோர்னியாவில் வன்முறை அல்லாத குற்றங்களில் கைதானவர்களின் படத்தைச் சில விதிவிலக்குகள் தவிர சமூக ஊடகத்தில் போடச் சட்டமே தடை செய்கிறது. என் கருத்து இதில் கறாரானது. தப்பி ஓடிய ஆபத்தான ஆளைத் தேடும்போது படம் போடலாம். பிடித்துவிட்ட பிறகு போடுவதற்கு ஒரு நியாயமும் இல்லை.

அப்புறம் பதில் சொல்வது, உரையாடுவது. இங்கேதான் உறுதியானதும் சந்தேகமானதும் கலந்து கிடக்கின்றன. 2010 அக்டோபர் 14 அன்று இங்கிலாந்தின் கிரேட்டர் மான்செஸ்டர் காவல் துறை 24 மணி நேரத்தில் தனக்கு வந்த 3,200-க்கும் மேற்பட்ட அழைப்புகளை ஒவ்வொன்றாக ட்வீட் செய்தது. பாலத்தின் மேல் ஒருவர் குழந்தையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று ஒரு அழைப்பு, ஓடிப்போய்ப் பார்த்தால் பாலத்தைக் கண்டால் பயப்படும் தன் நாயைத் தூக்கிக்கொண்டு ஒருவர் நடந்துகொண்டிருக்கிறார். போலீஸ் வேலையில் பாதி இப்படித்தான் என்பதை எந்த விளம்பரப் படமும் இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை. 2011 ஆகஸ்டில் இங்கிலாந்தில் கலவரம் வந்தபோது இதே மான்செஸ்டர் துறை மக்களோடு பேச்சுவழக்கில், ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லி நடந்துகொண்டது. லண்டன் காவல் துறை அறிவிப்புகளோடு நிறுத்திக்கொண்டது. இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வாளர்கள், மான்செஸ்டர் வழி மக்களை நெருங்கி வரச் செய்தது, ஆனால் அதைத் தாக்குப்பிடிக்க நிறைய உழைப்பு வேண்டியிருந்தது என்றார்கள்.

இதைப் பார்த்து, பேசினால் நம்பிக்கை வரும் என்று முடிவுகட்டத் தோன்றும். ஆனால் நெதர்லாந்தில் ஸ்டீபன் கிரிம்மலிக்ஹௌசன், ஆல்பர்ட் மைஜர் என்ற இருவர் காவல் துறையின் ட்விட்டரைப் பின்தொடர்பவர்களை ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட கட்டுரை என்னை நிதானப்படுத்தியது. காவல் துறைமேல் உள்ள மதிப்பு கூடுவது உண்மைதான், ஆனால் கொஞ்சமாகத்தான். அதுவும் துறை என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்வதால் வருகிறது, கூடப் பேசுவதால் வருவதாகத் தெரியவில்லை. எட்டுவதும் சிறு கூட்டத்தைத்தான். இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பக்கத்தைப் பின்தொடர்கிறவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே நம்புகிறவர்கள். போலீஸைக் கண்டாலே ஒதுங்குகிறவர் அந்தப் பக்கத்துக்கு வரவே மாட்டார். எனவே பக்கத்தில் எடுக்கும் கருத்துக்கணிப்பை வைத்து ஊர் எங்களை நம்புகிறது என்று எந்த அதிகாரி சொன்னாலும் நான் ஏற்றுக்கொள்வதில்லை.

நான் நேரில் கண்ட ஒரு அநியாயத்தைச் சொல்கிறேன். ட்விட்டரில் புகார் சொன்னால் உடனே நடவடிக்கை என்று பெயர் எடுத்தோம், பத்திரிகைகள் எழுதின. ஒரு வருடக் கணக்கை எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, சீக்கிரம் கவனிக்கப்பட்டவர்கள் நிறையப் பின்தொடர்பவர்கள் உள்ளவர்கள், நன்றாக எழுதத் தெரிந்தவர்கள், சத்தம் போடத் தெரிந்தவர்கள். அதே வாரத்தில் ஸ்டேஷனுக்கு நடந்து வந்து எழுதிக் கொடுத்த ஒரு வயதான அம்மாவின் புகார் மேசையில் கிடந்தது. நாங்கள் அறியாமலே இரண்டு வரிசைகளை உருவாக்கியிருந்தோம். உங்கள் புகாரைச் சம்பந்தப்பட்ட நிலையத்துக்கு அனுப்பிவிட்டோம் என்ற பதிலும் அப்படித்தான், பார்க்க அழகு, ஆனால் பாதிக்கு மேல் அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு விதி வைத்தோம். எந்த வழியாக வந்தாலும் ஒரே எண், ஒரே பதிவேடு, நிலையத்திலிருந்து புகார்தாரரை அழைத்துப் பேசிய பிறகுதான் எங்கள் பக்கத்தில் முடிந்தது என்று குறிக்க வேண்டும். லைக் குறைந்தது, மீண்டும் வந்து திட்டுகிறவர்களும் குறைந்தார்கள். விமர்சிக்கிறவர்களைத் தடுத்துவிடும் பழக்கத்தையும் அப்போதுதான் நிறுத்தினோம். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. தடுத்தால் அவர்கள் இன்னொரு இடத்தில், ஆதாரத்தோடு, இரண்டு மடங்கு கோபமாகப் பேசுவார்கள்.

மக்களையே துப்புக் கொடுக்கச் சொல்வதில் எனக்கு இரண்டு மனசு. 2010இல் டெல்லி போக்குவரத்துக் காவல் துறை ஃபேஸ்புக் பக்கம் தொடங்கியதும், விதி மீறுகிறவர்களின் படங்களை ஜனங்கள் ஆயிரக்கணக்கில் போட்டார்கள், அவற்றை வைத்துப் போலீஸார் அபராதமும் விதித்தார்கள், போலீஸ் வாகனங்கள் மீறிய படங்களும் வந்தன என்பது அதில் நல்ல பக்கம். ஆனால் பாஸ்டனில் குண்டு வைத்தவர் இவர்தான் என்று இணையத்தில் ஒரு கூட்டம் சம்பந்தமே இல்லாத ஒரு மாணவரை அடையாளம் காட்டி, காணாமல்போயிருந்த அந்த மாணவரைத் தேடிக்கொண்டிருந்த அவர் குடும்பத்தைப் படுத்திய பாட்டை மறக்க முடியாது.

திரைக்கு வெளியே நடப்பதுதான் அடித்தளம் என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். 2018இல் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தியால் இந்தியாவில் பல மாநிலங்களில் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். அந்த ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனமே இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து சாட்களுக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி கட்டுப்பாடு கொண்டுவந்தது. தெலங்கானாவின் கட்வால் மாவட்டத்தில் எஸ்.பி.யாக இருந்த ரெமா ராஜேஸ்வரி வேறு வழி எடுத்தார். கிராமத்துக்கு ஒரு காவலர் பொறுப்பு, அவர் வீடு வீடாகப் போய்ப் பழக வேண்டும்; கிராமியப் பாட்டுக் கலைஞர்களை வைத்து வதந்தியைப் பற்றிப் பாட வைத்தார்; ஊர் வாட்ஸ்அப் குழுக்களிலும் காவலர்கள் சேர்ந்தார்கள். அந்த மாவட்டத்தில் வதந்தியால் ஒரு உயிர்கூடப் போகவில்லை. அந்தக் குழுக்களில் காவலர் எழுதிய மறுப்பை ஊர் நம்பியதற்குக் காரணம், அதை எழுதியவரை அவர்கள் திண்ணையில் பார்த்திருந்தார்கள். இதில் எவ்வளவு பங்கு வாட்ஸ்அப்புக்கு, எவ்வளவு நேரில் போனதற்கு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. என் அனுபவத்தில் நேரில் போனதற்கே பெரிய பங்கு.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: நீங்கள் ரசிக்கும் மீம் விளம்பரம்தான், அதில் தப்பில்லை, ஆனால் அதை வைத்து நம்பவும் வேண்டாம், அதை வைத்தே சந்தேகப்படவும் வேண்டாம். உங்கள் ஊர்ப் பக்கத்தைத் திறந்து கீழே போய், கடைசியாக அந்தத் துறைமேல் ஒரு பெரிய புகார் எழுந்த வாரத்தைத் தேடிப் பாருங்கள். அந்த வாரம் என்ன எழுதினார்கள், அல்லது ஒன்றுமே நடக்காத மாதிரி நாய்க்குட்டிப் படம் போட்டார்களா? கமென்ட் பகுதி திறந்திருக்கிறதா, கோபமான கேள்விக்குப் பதில் இருக்கிறதா, திருத்தம் என்ற சொல் எங்காவது வருகிறதா, கைதானவர்களின் முகம் மறைக்கப்பட்டிருக்கிறதா? அரை மணி நேரம் பார்த்தால் போதும், பின்னால் இருக்கும் துறை எப்படிப்பட்டது என்று ஓரளவு பிடிபடும். ஓரளவுதான், ஒரே துறைக்குள் ஒரு நிலையம் போல இன்னொரு நிலையம் இருக்காது.

உங்கள் பைக் விஷயத்தில் ஒன்று. பக்கத்தின் இன்பாக்ஸில் எழுதியதோடு விட்டுவிடாதீர்கள், பெரும்பாலான இடங்களில் அது சட்டப்படி புகார் ஆகாது, இரவில் அதைப் பார்க்க ஆளும் இருக்க மாட்டார்கள். நிலையத்திலோ, துறையின் அதிகாரபூர்வ இணையதளத்தில் புகார் பதியும் வசதி இருந்தால் அதிலோ கொடுத்து, பதிவு எண் வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் அந்த எண்ணைப் போட்டு அவர்கள் பக்கத்தில் எல்லாரும் பார்க்கும்படி கேளுங்கள், உங்கள் ஃபோன் எண்ணையும் முகவரியையும் மட்டும் அங்கே எழுத வேண்டாம். உயிருக்கு ஆபத்து என்றால் எந்தப் பக்கமும் வேண்டாம், நேராக அவசர எண்ணுக்கு அழையுங்கள்.